ஹேமாவதி மாற்றிய கியர் ராடு

வெள்ளானூர் ஹேமாவதிக்குப் பிடிவாதம் கூடப் பிறந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உருப்படிகளை அளந்து பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. அவள் தேறாது என்று ஒதுக்கியதை முதலாளியே வந்து கெஞ்சினாலும் உள்ளே சேர்க்க முடியாது. அப்பேர்ப்பட்டவள் புருஷன் தினேஷிடம் மட்டும் வாயில்லாப் பூச்சி.

தினேஷ் அவளுக்கு அத்தை மகன். ஆவடி தொழிற்சாலையில் வேலை, காரென்றால் பைத்தியம். வேகத்துக்கென்றே செய்த ஒரு காரைப் பழையதாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவான். அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்ததாக அவன்தான் சொல்லிக்கொண்டான். கியர் ராடின்மேல் அவள் கை இருக்கும், அவள் கைமேல் அவன் கை இருக்கும். எப்போது எந்த கியர் என்பது அவன் இஷ்டம். ஆசையில் செய்ததுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வருஷக்கணக்கில் கைமேல் உட்கார்ந்தால் ஆசையும் கனக்கத்தான் செய்யும்.

போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு தினேஷ் போய்ச் சேர்ந்தான். காரை விற்றுவிடு என்று அவள் அப்பா தசரதன் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. இனிமேலாவது தனியாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று சாவியை எடுத்தாள். தெருமுனை திரும்பி இரண்டாவது கியருக்குக் கையை வைத்ததும், அதன்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

பட்டப்பகல். பக்கத்து சீட் காலி. பாரம் மட்டும் இருந்தது, அவளுக்குத் தெரிந்த பாரம். அவள் நினைப்பதற்கு முன்பே ராடு மூன்றாவதுக்குத் தாவியது. வண்டியை எடுத்த நாளெல்லாம் இதே கதை. முதலில் பயந்தாள், பிறகு அழுதாள், கடைசியில் ஆத்திரம்தான் மிஞ்சியது. செத்தும் விடமாட்டானா இந்த மனுஷன்?

கம்பெனியில் கோளாறு வந்தால் எந்த உருப்படியால் என்று பார்த்து அதை மாற்றிவிடுவார்கள். அவளும் அப்படியே யோசித்தாள். அந்தக் கை பழகியது அந்த ராடுக்கு, ராடு போனால் கையும் போய்விடும். கொரட்டூரில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் யூசுப்பிடம் வண்டியை விட்டு, குட்டையான ராடு ஒன்று போடச் சொன்னாள். அதில் கை கொஞ்சம் அசைந்தாலே கியர் விழும், பிடியும் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு யூசுப் போன் செய்தார்.

"தங்கச்சி, பழசக் கழட்டிட்டேன். ஆனா அது இருந்த எடத்துல கைய வெச்சா யாரோ புடிச்சிகினு கீற மாதிரியே கீது. வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுடும்மா."

"நீங்க புதுசப் போடுங்க அண்ணாத்தே. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் மதியம் வண்டியை எடுத்தாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றும் சொடக்குப் போட்டதுபோல விழுந்தது, எல்லாம் அவள் போட்டவை. கை வரவில்லை. அம்பத்தூர் ஏரிப் பக்கம் வந்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

திருமுல்லைவாயல் தாண்டும்போது முழங்கைக்குக் கீழே எதுவோ உரசியது. பார்த்தாள். சுடிதாரின் கைப்பகுதி விரல் பட்டதுபோலக் குழிந்து குழிந்து எழுந்தது. பழைய ராடின் பிடி இருந்த உயரத்தில், வெறும் காற்றில், அந்தக் கை துழாவிக்கொண்டிருந்தது. இருட்டு வீட்டில் சுவிட்சைத் தடவுகிறவன் மாதிரி மூடித் திறந்து, மூடித் திறந்து தேடியது. கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேகம் குறைந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். தேடிச் சலித்து அது தன் வழியே போயிருக்கும், அவளுக்கும் விடுதலை. ஆனால் அந்தத் தேடலை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா, அங்க இல்ல. கீழ கீது."

துழாவல் நின்றது. மணிக்கட்டு வழியாக மெல்ல இறங்கி அவள் விரல்களின்மேல் உட்கார்ந்தது. அவள் போடாமலே அடுத்த கியர் விழுந்தது. போகவிருந்தவனைத் தானே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஹேமாவதி கையை உருவிக்கொள்ளவில்லை.