உள்பக்கத் தாழ்ப்பாள்

மின்வாரிய அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'புகார்'. எந்தத் தெருவில் கரண்ட் போயிற்று என்று தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்வது அவர் வேலை. நாளைக்கு அறுபது பேரிடம் திட்டு வாங்குவார். தன் பங்குக்கு யாரிடமும் ஒரு குறையும் சொன்னதில்லை. இருபத்தாறு வயதில் தசைச் சிதைவு நோய் வந்தது. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று, அப்புறம் நடையும் போயிற்று. நடுவில் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். அந்த நோய் தசையைத்தான் தின்னும், ஆசையைத் தொடாது. இது ஏனோ சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை.

சக்கர நாற்காலி வந்த வாரமே அண்ணன் அவர்களுடைய படுக்கையறைக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு திரையை மாட்டினார். நாற்காலி இடிக்கக் கூடாது, தம்பி கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் கூடத்தில் உட்கார்ந்துதான் அண்ணன் டிவியில் செய்தி பார்ப்பார். அம்மா பக்கத்தில் இருமிக்கொண்டிருப்பார். பாசம் வந்தால் சிலருக்குக் கண்மண் தெரியாது. ஒரு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. இந்த முறை மனைவியும் லீவு போட்டு வந்திருந்தார். டாக்டரம்மா புதியவர்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்," என்றார் அண்ணன்.

"முழுங்கறதுல சிரமம்?"

"நல்லா சாப்பிடறான்." அண்ணன் இருக்கும் இடத்தில் தம்பியின் வாய்க்கு வேலையில்லை.

"தாம்பத்தியம்?"

"அந்தத் தொந்தரவெல்லாம் இல்ல டாக்டர்."

"இருக்கு," என்றார் மனைவி.

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"என்ன பிரச்சனைம்மா?"

"கதவு இல்ல டாக்டர்."

அண்ணனை வெளியே இருக்கச் சொன்னார்கள். அதன் பிறகுதான் புகார் வாய் திறந்தார். "சீக்கிரம் களைச்சுப் போறேன். மூச்சு வாங்குது. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இவ பயப்படறா."

"பயப்படறது நான் இல்ல டாக்டர், இவர்தான்."

டாக்டரம்மா பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். களைப்பில்லாத காலை நேரம் நல்லது. பக்கவாட்டில் படுத்து முழங்காலுக்கு நடுவே தலையணை. வேண்டுமானால் ராத்திரி மாட்டும் மூச்சு மெஷினைக் கழற்ற வேண்டாம். களைத்தால் நிறுத்தி, இளைப்பாறி, மறுபடி.

"இந்த நிலைமைல நான் இதைக் கேக்கறது தப்பில்லையே?" என்றார் புகார்.

"இத்தனை நாளா கேக்காம இருந்தீங்களே, அதுதான் தப்பு."

அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. கையை முகம்வரை தூக்க முடியாததால் மனைவி துடைத்துவிட்டார்.

மருந்துச் சீட்டை வாசலில் நின்றே அண்ணன் படித்தார். இரண்டு மாத்திரைக்குக் கீழே எழுதியிருந்தது: அகலமான கதவு, உள்பக்கத் தாழ்ப்பாள், கைக்கு எட்டும் இடத்தில் அழைப்பு மணி. அவருடைய காது சிவந்தது. ஆனால் டாக்டர் எழுதியதற்கு மறுபேச்சுப் பேசுகிற ஆள் இல்லை அவர். ஆசாரி கதவு நிலையை அகலப்படுத்தும்போது கூடவே நின்றார், மணியைப் பத்து தடவை அடித்துப் பார்த்தார். தம்பியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, கிளம்பு. கடைக்குப் போகலாம்."

"இப்பவா? என்னடா வாங்கணும்?"

"போய்ப் பாத்துக்கலாம். அவசரமில்ல, மெதுவா நட."