பதினான்காவது கம்பி

நூடுல்ஸ் கிண்ணம் வந்துவிட்டது. ஆவி பறக்கிறது. குசாகா தெய்ஜி அதைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உத்தரங்களை விரலால் எண்ணுகிறார், கண்ணை இடுக்கித் தொலைவை அளக்கிறார், பிறகு பரிமாறும் பெண்மணியிடம் சொல்கிறார்: "இங்க ரெண்டு போர் விமானம் விடலாம்மா. மூணாவது விட்டா விளக்குல இடிக்கும்."

"மொதல்ல சாப்பிடுங்க. போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் விளக்கு வேற எடத்துல இருந்துது."

உண்மைதான். அந்த வாரம்தான் விளக்கை மாற்றியிருந்தார்கள்.

அவருக்கு எழுபத்து நான்கு வயது. உடம்பு சிறியது, தோள் மட்டும் பெரியது. இடது கையிலும் சரி, வலது கையிலும் சரி, கடிகாரம் கட்டியதே இல்லை; கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பார். கம்பி என்றால் பியானோவுக்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி. படப்பிடிப்புத் தளத்தின் கூரையை ஒட்டிப் பலகையால் ஒரு பரண் கட்டியிருப்பார்கள். அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே தொங்கும் விமானத்தையும் பறவையையும் ராட்சத மிருகத்தையும் கம்பியால் ஆட்டுவது முப்பது வருஷம் இவருடைய வேலை. கீழே, மேசை உயரத்துக்கு ஒரு டோக்கியோ நகரம் கட்டப்பட்டிருக்கும். அதன் மேல் இவர்களுடைய மிருகம் பறக்கும்.

கம்பி கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பாதி நாள் அதற்கே போய்விடும். பின்னால் வானம் நீலமாக இருந்தால் கம்பிக்கு நீலம் பூச வேண்டும். புகை வரும் இடத்தில் சாம்பல். விமானத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, காமிராவையும் தலைகீழாக வைத்து எடுத்த கதையைக் கேட்டால் அவருக்கு இன்றும் சிரிப்பு வரும். "படத்துல கம்பி விமானத்துக்குக் கீழ இருக்கும். சனங்க மேலயே தேடிட்டு இருப்பாங்க. தேடட்டும்."

இப்படிப்பட்டவர் கணினியில் செய்யும் இன்றைய படங்களைத் திட்டுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புதுப் படம் எது வந்தாலும் அந்த வாரப் புதன்கிழமைப் பகல் காட்சியில் மூன்றாவது வரிசையில் இருப்பார். பக்கத்தில் மனைவி நொபுகோ, மடியில் உப்பு போட்ட அவரைக்காய்ப் பொட்டலத்தோடு.

"தண்ணிய மட்டும் எங்களால சின்னதாக்க முடியல," என்றார் ஒரு நாள். "கப்பல சின்னதா செய்யலாம், கட்டடத்த சின்னதா செய்யலாம். ஒரு துளி தண்ணி ஒரு துளிதான். அது எங்கள எப்பவும் காட்டிக் கொடுத்துடும். இவங்க கம்ப்யூட்டர்ல செஞ்ச கடலைப் பாத்து நான் எழுந்து நின்னுட்டேன்."

"பின்னாடி இருந்தவர் உக்காரச் சொல்லித் திட்டினார்," என்றார் நொபுகோ.

"திட்டட்டும். அப்படி ஒரு அலை." பிறகு குறையையும் சொன்னார். "ஆனா காமிரா இஷ்டத்துக்குப் பறக்குது. மிருகத்தோட வாய்க்குள்ள போகுது, காது வழியா வருது. பாக்கிறவன் எங்க நிக்கிறான்? நான் பயப்படணும்னா எனக்கு நிக்க ஓர் இடம் வேணும்ல."

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு பழைய படம். அவர் இருபத்திரண்டு வயதில் வேலை செய்தது. கடலிலிருந்து எழும்பி நகரத்தின் மேல் பறக்கும் ராட்சதத் திருக்கை மீனின் கதை. அந்தப் படத்தைத் துடைத்துச் சீராக்கி மறுபடி வெளியிடுகிறார்கள். அதோடு வரும் சிறு புத்தகத்தை எழுதுவது என் வேலை. படத்தில் பதினொரு விநாடி வரும் ஒரு காட்சி உண்டு. மறையும் சூரியனுக்கு முன்னால் திருக்கை கடந்து போகும். அதில் ஒன்றரை விநாடிக்கு, வாலுக்கு மேலே ஒரு கம்பி பளிச்சென்று மின்னும். ஐம்பது வருஷமாக ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அதைக் கொண்டாடவும் தொடங்கிவிட்டார்கள்.

சீராக்கும் கூடத்தில் வேலையை நடத்துபவர் கஷிவாகி என்ற பெண். நாற்பதைத் தாண்டியவர். புதுப் படங்களுக்குக் கணினியில் மிருகங்கள் செய்தவர். அவர் நேராகவே கேட்டார்: "ஒரு மதியத்துல அழிச்சுடலாம் ஐயா. ஆனா ரசிகர் சங்கத்துல இருந்து கடிதம் வந்திருக்கு, அழிக்கவே கூடாதுன்னு. அந்தக் குழுவுல இப்ப உயிரோட நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க."

"அழிங்க," என்றார் குசாகா.

"யோசிச்சுச் சொல்லலாம்."

"யோசிக்க என்ன இருக்கு? தெரியணும்னுதானா நாள் முழுக்க வண்ணம் அடிச்சோம்? ஒளிச்சு வைக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

அந்த வேகத்தின் காரணத்தை அன்று ரயிலில் திரும்பும்போது சொன்னார். திருக்கைக்கு மொத்தம் பதினான்கு கம்பிகள். காலையில் மேகமூட்ட வானத்துக்காக எல்லாவற்றுக்கும் சாம்பல் பூசியாயிற்று. மத்தியானம் இயக்குநர் மனம் மாறி, பின்னால் அந்திச் சூரியனை வைக்கச் சொன்னார். குசாகாவிடம் ஒரே ஒரு தூரிகை. ஆரஞ்சு பூசிக்கொண்டே வந்தார். பதிமூன்று முடிந்தபோது, "மேல ஏறுங்க" என்று குரல் வந்துவிட்டது.

"ஒண்ணு பாக்கின்னு சொல்லியிருக்கலாம். கீழ அறுபது பேர் காத்திருக்காங்க. எல்லாரையும்விடச் சின்னவன் நான். வாயத் திறக்கல. ஏறிப் படுத்துட்டேன். மின்னினது என் கம்பி."

படம் வந்தபோது தனியாகப் போய்ப் பார்த்தாராம். முன் வரிசையில் யாரோ "கம்பி, கம்பி" என்று சிரிக்க, பாதியில் எழுந்து வந்துவிட்டார். குழுத் தலைவர் தொரிகோயே மறுநாள் அவரைக் கூப்பிட்டு, "அடுத்த தடவ சொல்லு" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார். நொபுகோவிடம் கேட்டேன். "என்னைக் கூட்டிட்டுப் போகாத ஒரே படம் அதுதான்," என்றார்.

ரசிகர் சங்கத்தார் அவரைப் பேச அழைத்தார்கள். ஒரு நூலகத்தின் மாடியறை, மடக்கு நாற்காலிகள், நாற்பது பேர். கம்பியை அழிக்கச் சொல்லிவிட்டேன் என்று அவர் அறிவித்ததும் அறையில் சலசலப்பு எழுந்தது. யசுமோதோ என்ற மனிதர் எழுந்தார். ஐம்பத்தொன்பது வயது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வேலை உடுப்போடு வந்திருந்தார்.

"ஐயா, எனக்கு அப்ப ஏழு வயசு. திருக்கை வந்ததும் பயந்து நாற்காலிக்கு அடியில போய்ட்டேன். கொஞ்சம் தலைய நீட்டினேன். அந்த நேரம் பாத்து அந்தக் கம்பி மின்னுச்சு. ஓ, மேல யாரோ பிடிச்சுட்டு இருக்காருன்னு தெரிஞ்சுது. பயம் போயிடுச்சு. மீதிப் படத்த உக்காந்து பாத்தேன்."

குசாகா பார்லித் தேநீரை ஒரு வாய் குடித்தார். "பயமுறுத்தத்தான் அந்தப் படத்த எடுத்தோம். உங்களுக்குப் பயம் போச்சுன்னா அதுவும் என் தப்புதான்."

எல்லாரும் சிரித்தார்கள். யசுமோதோ சிரிக்கவில்லை. "டைட்டில்ல உங்க யார் பேரும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன். அந்தக் கம்பியையும் அழிச்சுட்டா, மேல ஆள் இருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

ரயிலில் திரும்பி வரும்போது, நாங்கள் இறங்க வேண்டிய சோஷிகயா நிலையம் வந்ததும் நான் எழுந்தேன், குசாகா எழவில்லை. கதவு மூடிவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தே வந்தோம்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், கஷிவாகியின் கூடத்துக்குப் போனோம். அழித்துவிட்டதைப் போட்டுக் காட்டுகிறேன், வேண்டாமென்றால் பழையபடி வைத்துவிடலாம் என்றார் கஷிவாகி. திரையில் சூரியன் இறங்கியது. திருக்கை வந்தது. எந்தக் கம்பியும் இல்லை. பதினொரு விநாடி முடிந்தது.

"இன்னொரு தடவ போடுங்கம்மா," என்றார் குசாகா.

நான்கு முறை போட்டார். ஐந்தாவது முறை குசாகா திரைக்கு அருகில் போய் நின்று இடது சிறகைத் தொட்டார். "இது ஓகுரா அண்ணன். எப்பவும் ஒரு மூச்சு தாமதமா இழுப்பார். அதான் அந்தச் சிறகு நுனி சோம்பேறித்தனமா வருது, பாத்தீங்களா?" வலது சிறகுக்குப் போனார். "இது நிஷிவாக்கி அண்ணன். தோள்பட்டை வலி. மேல தூக்கறப்ப நடுவுல ஒரு சின்ன நிறுத்தம் வரும். இதோ. மூக்கு, தொரிகோயே தலைவர். ஆடவே ஆடாது."

"வால்?" என்றார் கஷிவாகி.

"வால் நான்." சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மோசமில்ல. அம்பது வருஷமா அந்தக் கம்பிய மட்டும்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். மத்த எதையும் பாக்கல."

கஷிவாகி தன் குறையைச் சொன்னார்: "நாங்க செய்யற மிருகத்துக்கு எடையே வர்றதில்ல ஐயா. எவ்வளவு செஞ்சாலும் காத்துல மிதக்குது."

"எங்களுக்கு எடை ஓசியில கிடைச்சுது. பரண் வளைஞ்சு போற அளவுக்கு எடை. அத வெச்சுக்கிட்டுப் பறக்கிற மாதிரி காட்டத்தான் பாடுபட்டோம். நீங்க ஓசியில பறக்கறீங்க, எடைக்குப் பாடுபடறீங்க. ஆளுக்கொரு கஷ்டம்." பிறகு மறுபடி திரையைக் காட்டினார். "ஓகுரா அண்ணன் தாமதத்த வேணா எடுத்துக்குங்க. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

கஷிவாகி அதை எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். மூன்று பெயர்களையும் எந்த ஜப்பானிய எழுத்துகளில் எழுதுவது என்று குசாகாவே என் தாளில் எழுதிக் காட்டினார். சிறு புத்தகத்தில் அவை வரும். இவர் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

கம்பி அழிந்தது அழிந்ததுதான். முன்னோட்டக் காட்சி ஒரு ஞாயிறு பிற்பகலில், இருநூறு இருக்கைகள் கொண்ட அரங்கில் நடந்தது. நொபுகோ நல்ல கிமோனோ உடுத்தி வந்திருந்தார். குசாகா யசுமோதோவைத் தானே தொலைபேசியில் அழைத்திருந்தார். வருவாரா என்று சந்தேகம். வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். குசாகா அவரைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார், இடப்பக்கம் நொபுகோ. நான் பின் வரிசையில்.

படம் ஓடியது. முக்கால் பாகம் போன பின் திரை ஆரஞ்சாக மாறியது. யசுமோதோவின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். திருக்கை சூரியனுக்குள் நுழைந்தது. அவர் கழுத்தை நீட்டி வாலுக்கு மேலே தேடினார். வெறும் வானம்தான் இருந்தது.

குசாகா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் யசுமோதோவின் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். மெல்ல இறக்கினார், ஒரு கணம் நிறுத்தினார், சட்டென்று சுண்டி மேலே விட்டார். திரையில் திருக்கையின் வாலும் அப்படியே இறங்கியது, நின்றது, சுண்டி எழுந்தது. காட்சி முடியும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.