ஃபாரத்துக்குச் சொன்ன பதில்

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஃபாரம் அக்கா. எந்தச் சாலையை அகலப்படுத்துவது, லாரிகள் நின்று இளைப்பாற எங்கே இடம் ஒதுக்குவது என்று திட்டம் போடும் அலுவலகத்துக்காக, நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டுக் கணக்கெடுக்கிறோம். மேற்பார்வை நான்; லாரிக்காரர்களிடம் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவது அவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளிடம் மட்டும் அது செல்லாது.

ஓரங்கட்டிய லாரியின் படியில் ஏறிக் கேட்பாள்: எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு, எத்தனை டன். எவனாவது கதை விட்டால் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பாள்.

"பத்து டன்னுங்கிறீங்க, டயரு பிதுங்குதே அண்ணே! இந்த ஃபாரம் போலீசுக்குப் போகாது. உண்மையைச் சொல்லுங்க."

சொல்லிவிடுவார்கள். பெயர் எழுதுவதில்லை என்பதால் வீட்டில் சொல்லாததையும் சொல்வார்கள்.

அவள் புருஷனும் லாரி டிரைவர்தான். தினமும் போனில் "நல்லா தூங்கினேன்" என்பார். டயரைப் பார்த்தே டன் சொல்கிறவள்தான். ஆனால் போனில் முகம் தெரியாதே! போன மாதம் ஒரு முற்பகல், ஓடு ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டியது. அவர்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அவள் யாரோ எவரோ போலக் கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்து, கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"கடைசியா எப்ப தூங்கினீங்க?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "உனக்குச் சொல்லவா, ஃபாரத்துக்குச் சொல்லவா?"

"ஃபாரத்துக்கு."

"முந்தாநேத்து."

எழுதினாள். எழுதிவிட்டுக் கையை நீட்டிச் சாவியை உருவினாள். "எறங்குங்க."

"ஓனர் கத்துவாருடி."

"கத்தட்டும். நீங்க இருந்தாத்தானே அதைக் கேக்க முடியும்?"

ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரு லாரியை நிறுத்தக்கூடாது என்பது விதி. சத்தம் போடத்தான் போனேன். கூடாரத்துக்குள் ஃபாரக் கட்டைத் தலைக்கு வைத்து அவர் குறட்டை விட, அவள் அவருடைய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒருவன் ஹாரன் அடித்தான். என் கோபமெல்லாம் அவன் தலையில் விடிந்தது. "யோவ், ஆள் தூங்குறாருய்யா!"

நாலு மணி நேரம் கழித்து எழுந்து போனார். இப்போதும் தினமும் மத்தியானம் அவள் போனில் பேசுவது என் காதில் விழும்.

"சாப்பிட்டீங்களா? சரி. தூங்கினீங்களா? ம்ஹூம், எனக்குச் சொல்லாதீங்க. ஃபாரத்துக்குச் சொல்லுங்க."

அவர் சொல்லும் உண்மையைப் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொள்வாள்.

"அப்ப இப்பவே ஓரங்கட்டுங்க. எஞ்சின் அணையிற சத்தம் எனக்குக் கேக்கணும்."