கட்டிலில் தொடங்கிய அங்கப்பிரதட்சணம்

சிறுநீர் சிவப்பாகப் போனதில் ஆரம்பித்தது எல்லாம். சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்த டாக்டர், அது மறுபடி முளைக்காமலிருக்க ஒரு மருந்து சொன்னார். காசநோய்த் தடுப்பூசியில் இருக்கிற அதே நோஞ்சான் கிருமிதான். அதைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்களாம்.

"கிருமியைப் பாத்ததும் உங்க ஒடம்பு சண்டைக்கு எழுந்துக்கும். அதுல மிச்சம் மீதி இருக்கற புற்றும் அடிபடும்" என்றார். பலிக்காவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற எனக்கு அதை நினைக்கவே குலை நடுங்கியது.

நிபந்தனை ஒன்றுதான். மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்து, கால் மணிக்கொரு தரம் புரண்டு படுக்க வேண்டும். வாராவாரம்.

என் மனைவி அதற்குள் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள், நான் அங்கப்பிரதட்சணம் செய்வதாக.

"வேண்டிக்கிட்டது நீ, உருள்றது நானா?" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

முதல் தடவை மானம் போயிற்று. அரை மணி கூடத் தாங்கவில்லை, கழிப்பறைக்கு ஓடினேன்.

"தண்ணி குடிக்காதீங்கன்னு சொன்னேனே?" என்றார் டாக்டர்.

"ஒரு சொட்டு குடிக்கலைங்க."

"காபி?"

"அது ரெண்டு டம்ளர் ஆச்சு."

ஸ்ரீரங்கத்தில் காபி குடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் யார்? அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காபி இல்லை. தலை வெடித்தது. மனைவி போனில் அலாரம் வைத்துக்கொண்டு, "இப்ப இடது பக்கம் திரும்புங்க" என்று அதட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தேன். அன்று மாலை குளிர் தூக்கிப் போட்டது. பயந்துபோய் அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். லேசான காய்ச்சல் வரக்கூடியதுதான், நாளைக்கும் விடாவிட்டால் உடனே வரச் சொன்னார். எனக்கோ போர்வைக்குள் ஒரே குஷி. உள்ளே என் ஆட்கள் எழுந்துவிட்டார்கள்! விடிந்ததும் காய்ச்சல் விட்டது.

மருந்துச் சுற்று முடிந்து சில வாரம் கழித்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார்.

"சுத்தமா இருக்குங்க. மருந்தையும் செக்கப்பையும் விட்டுடாதீங்க. பை உங்களுதுதான்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

"இத்தனை உருண்டாச்சே, ஆத்தா அதையே கணக்குல சேத்துக்க மாட்டாளா?" என்று வழியில் மனைவியைக் கேட்டேன்.

"அது டாக்டருக்கு உருண்டது. இது ஆத்தாளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஈர வேட்டியோடு சமயபுரம் பிரகாரத்தில் உருண்டேன். கூடவே நடந்துவந்தவள் பழக்க தோஷத்தில் "திரும்புங்க, திரும்புங்க" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே உருண்டேன்.

முடிந்ததும் வெளியே வந்து இரண்டு டம்ளர் காபி குடித்தேன். பிறகு கட்டணக் கழிப்பறைக்குப் போய், அவசரமே இல்லாமல், என் சொந்தப் பையைக் காலி செய்தேன். குனிந்து நிறம் பார்த்தேன். தெளிவாக இருந்தது.