கேட்டவருக்கே முழுக்கு கொடுத்த யோபு அண்ணன்

யோபு அண்ணன் போய்விட்டார் என்று நாவிதர் சொன்னபோது என் முகத்தில் பாதிதான் சவரமாகியிருந்தது. அப்படியே ஓடினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், அண்ணனின் தலைமாட்டில் இருந்த அவர் மனைவி மார்த்தாள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மீதியையும் வழிச்சிட்டு வாங்க தம்பி. அவர் இனி எங்கேயும் போகப் போறதில்லே.” அழ வந்தவன் சிரித்துவிட்டேன். அக்காவும்தான்.

உங்களில் பலருக்குத் தெரியும், அண்ணனை மறுமுழுக்குக்காரராக்கியதே எங்கள் போதகர்தான். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனிப் பக்கம் சிலர், குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தவன் தானே கேட்டுப் பெற வேண்டும் என்று கலகம் செய்தார்களாம். அவர்களைத் திட்டி ஒரு ஞாயிறு பிரசங்கம். நான் வழக்கம்போல் தூங்கினேன். அண்ணன் விழித்திருந்து தொலைத்தார். “அவங்க சொன்னது சரிதானே, ஐயா?” என்று வாசலிலேயே கேட்டார். சில மாதங்களில் தனிச் சபை, கிள்ளான் ஆற்றில் முழுக்கு.

காப்பிக்கடையில் நான் சீண்டுவேன். “ஆத்து முதலைக்கும் உண்டாண்ணே?”

“அது வாயைத் திறந்து கேட்டா கொடுத்துடுவேன். நீதான் கேக்க மாட்டேங்கிறே.”

அக்காவும் கேட்கவில்லை. பழைய சபையிலேயே இருந்தார். “தலைவர் பொண்டாட்டியே நனையலையே” என்று அண்ணனின் ஆட்கள் முணுமுணுத்தார்கள். “கையைப் பிடிச்சு இழுத்தா அது குளியல்டா, முழுக்கு இல்லே” என்று அண்ணன் அவர்களை அடக்கினார். மழை ஞாயிறுகளில் அக்காவை எங்கள் சபைக் கோயில் வாசலில் விட்டு, குடையையும் கொடுத்துவிட்டு, நனைந்தபடி தன் கூட்டத்துக்குப் போவார்.

அண்ணன் நோயாய்ப் படுக்கையில் கிடந்தபோது போதகர் வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் பேசினார். “மறுமுழுக்கு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க யோபு. இல்லேன்னா சபைக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடைக்காது. உங்க வீட்டம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கமா கிடக்கணுமா?”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றே எனக்குப் பட்டது.

“பொய் சொல்லிட்டு என் பக்கத்துல வந்து படுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க ஐயா” என்றார் அக்கா.

சபை வேலிக்கு வெளியே, அரசாங்க இடுகாட்டில் அடக்கம் செய்தோம். குழியை அடுத்த இடத்தைக் காட்டி, “இது எனக்கு. வேற யாரையும் போட்டுடாதீங்க” என்று வெட்டியானிடம் சொன்னார் அக்கா.

“நீங்க நனையவே இல்லையே அக்கா?” என்று கேட்டேன்.

“இப்பவும் இல்லே. அதுக்கென்ன?”

நானும் ஆற்றில் இறங்கப் போவதில்லை. தன் நம்பிக்கையில் இம்மியும் விடாதவர், அதை ஏற்காத அக்காவோடு ஒரே வீட்டில் அத்தனை பிரியமாக இருந்தாரே, அதைத்தான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். இதை என் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். “அப்போ ரசத்துல புளி ஜாஸ்தின்னு கத்துறதை நிறுத்துங்க” என்றாள்.

இன்றைய ரசத்திலும் புளி ஜாஸ்திதான். குடித்துவிட்டேன்.