வெயிட்டிங் லிஸ்டில் ஒன்றாம் நம்பர்

வேண்டாம் என்று சொல்கிறவர்கள் முதலில் நன்றி சொல்வார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் கற்ற உருப்படியான பாடம் இது ஒன்றுதான். 'எங்கள் துறையில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி' என்று மெயில் ஆரம்பித்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. அடுப்பில் பால் இருந்தால் போய்ப் பார்க்கலாம். இடம் கொடுக்கிறவர்கள் நன்றியெல்லாம் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருவார்கள் என்று கேள்வி. கேள்விதான், எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தேன், நல்ல மார்க். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அதுவே பெரிய படிப்பு. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதில் சேர அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்பதைத் தெருவுக்கு விளக்குவது நேர்முகத் தேர்வைவிடக் கஷ்டம். பக்கத்து வீட்டு அக்கா, எங்கெங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். ஜெர்மனிக்குக்கூடப் போட்டிருக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாக. "ஏன், பிரான்சுக்குப் போடலியா?" என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் பிரான்சுதான், மற்றதெல்லாம் சும்மா. பிறகு ஜெர்மனிக்காரர்களும் நன்றி சொன்னார்கள்.

அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரே கேள்வி. "இன்னா கொறைன்னு சொன்னாங்களா?" சொல்லவில்லை என்பேன். "மில்லுல துணிய வேணான்னு தள்ளுனாகூட எங்க நூலு அறுந்திருக்குதுன்னு சாக்பீஸால ஒரு கோடு போட்டுத்தான் குடுப்பாங்க. பொண்ண வேணான்றவன் ஒரு கோடு போடக் கூடாதா?" என்று கத்துவார், என்னவோ நான்தான் அந்தத் துறைத்தலைவர் மாதிரி. அம்மா உள்ளே இருந்து, "அவகிட்ட ஏன் கத்துற? வந்து வெங்காயம் நறுக்கு" என்பாள். மெயில் வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் வெங்காய பஜ்ஜி. யாரும் முடிவு செய்து ஆரம்பித்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. அந்த வருடம் நான் நன்றாகவே குண்டடித்தேன்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும். நான் என்ன கேட்டேன்? ஒரு ஆய்வகம், ஒரு மேஜை, நாள் முழுக்க ஒரே விஷயத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி. இதைக் கொடுத்தால் யார் குடி முழுகிப் போகும் என்று இருந்தது.

அந்த நிலைமையில்தான் அந்த மெயில் வந்தது. வேறு மொழி பேசும் மாநிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம். நான் மற்ற எல்லாவற்றையும்விட ஆசைப்பட்ட இடம் அது. நேர்முகத் தேர்வும் நன்றாகப் போயிருந்தது. மெயிலின் முதல் வரியில் நன்றி இல்லை. அதனால் முழுவதும் படித்தேன். இடங்கள் நிரம்பிவிட்டன, நான் வெயிட்டிங் லிஸ்டில் முதலாவதாக இருக்கிறேன், இடம் காலியானால் தெரிவிப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயக் கூடையைப் பார்த்தாள். அப்பாவின் முகமோ மலர்ந்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் அப்பாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் யார் ரயில் டிக்கெட் எடுத்தாலும் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். வண்டி எது, கிழமை எது, கல்யாண மாதமா, பள்ளிக்கூட லீவா என்று கேட்டுவிட்டு, "கன்ஃபர்ம் ஆயிடும், போ" என்பார். பெரும்பாலும் ஆகிவிடும். ஆகாவிட்டாலும் அவரிடம் பதில் உண்டு: "ஏறி நின்னுக்க. எவனாவது ஒருத்தன் வராம இருப்பான்."

"ஒண்ணாம் நம்பரா? வெயிட்டிங்ல ஒண்ணாம் நம்பர் கன்ஃபர்ம் ஆவாம போயி நான் பாத்ததே இல்ல" என்றார் இப்போது.

"இது ரயில் இல்லப்பா."

"எதுவா இருந்தா இன்னா? எல்லாரும் வந்துடுவாங்களா? எவனும் வராம இருக்க மாட்டானா?"

எம்.எஸ்சி. படித்த எனக்கும் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. நான் மெயில் போட்டுக் கேட்டேன். தெரிவிப்போம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. சேர வேண்டிய நாள் நெருங்க நெருங்க அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மெயில் போட்டுக்கினு வூட்ல ஒக்காந்திருந்தா எவன் குடுப்பான்? நேர்ல போயி நிக்கணும். பொட்டியோட நிக்கணும். கூப்புட்டா ஏறிட வேண்டியதுதான்."

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. இருந்தாலும் சரி என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான், அப்பா மேல் பழி போட்டுவிட்டுப் போகலாம் என்பது வசதியாக இருந்தது.

பெட்டி, தலையணை என்று மூட்டை கட்டிய பிறகு அம்மா கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீலப் பக்கெட் வாங்கி வந்தாள்.

"இது எதுக்கும்மா? இன்னும் சேரவே இல்ல."

"சேந்தப்புறம் தெரியாத ஊர்ல பக்கெட்டுக்கு அலைவியா?"

பக்கெட்டுக்குள் சோப்பு டப்பா, மக், கொடிக்கயிறு, துணிக் கிளிப்பு எல்லாம் போனது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து அதன் நடுவில் செருகினாள். ஆட்டோ ஏறும்போது தெருவே நின்று வழியனுப்பியது. வெயிட்டிங் லிஸ்ட் என்று ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பக்கெட் என் மடியிலேயே இருந்தது.

அங்கே ரயில் ஏறி, மறுநாள் காலையில் நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தோம். அலுவலக வாசலில் அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தேர்வானவர்களின் பெயர்களை அதில் ஒட்டியிருந்தார்கள். "பாத்தியா, சார்ட் ஒட்டிட்டான்" என்றார்.

கவுண்டரில் ஓர் அம்மாள் இருந்தார். நடுத்தர வயது, கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் பக்கெட்டை ஒருமுறை பார்த்தார், சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். இன்று கவுண்டர் மூடும்வரை சேர அவகாசம் இருக்கிறது, யாராவது வராமல் போனால் அந்த இடம் எனக்கு வரும், ஆனால் தன்னால் எந்த வாக்கும் கொடுக்க முடியாது என்றார்.

எல்லோரும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்த அம்மாளே வெளியே வந்து மெதுவாகச் சொன்னார், வேதியியலில் இன்னும் ஒரே ஒரு பெண்தான் வரவில்லையாம், போன் போட்டாலும் எடுக்கவில்லையாம்.

அப்பா படிக்கட்டில் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் வேறெங்காவது கிடைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடிபட வேண்டும், காய்ச்சல் வர வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள். மாடியில் ஓர் ஆய்வகத்தின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே யாரோ குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தினேன். நேரம் ஆக ஆகக் கவுண்டரையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஊறுகாய் பாட்டில் கசிகிறதா என்று வேறு பார்த்துக்கொண்டேன்.

கவுண்டரில் விளக்கை அணைக்கும் சத்தம் கேட்ட நேரத்தில்தான் கேட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். தலையில் பெட்டி. பின்னால் என் வயதில் ஒரு பெண், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்த மனிதர் மூச்சு வாங்க எங்கள் முன்னால்தான் வந்து நின்றார். அங்கே வேறு யாரும் இல்லை.

"சார், இந்த பி.எச்டி. அட்மிஷன் எங்க சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லாதே என்றுதான் என் கண் சொல்லியிருக்கும். அது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அடுத்த கணம் எழுந்து அந்த மனிதரின் தலையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கவுண்டரைப் பார்த்து ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார். "மேடம்! ஒன் மினிட் மேடம்! கன்ஃபர்ம் பாசஞ்சர் கம்மிங்!"

பாதி இறங்கியிருந்த ஷட்டர் மறுபடி மேலே போனது.

அந்தப் பெண் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அப்பா வெளியே வந்து, வழியில் பஸ் கெட்டுப்போன கதையைச் சொன்னார். தர்மபுரிப் பக்கம் அவர்களுக்கு. போனில் சார்ஜ் இல்லையாம். வேறு பஸ் மாறிய அவசரத்தில் பாதி சாமானைப் பழைய பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்களாம். சொல்லி முடித்துவிட்டு, "உங்க பொண்ணும் இங்கதானே சார்?" என்றார்.

"இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அப்பா.

அந்த மனிதர் எங்கள் பெட்டியைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் வெளியே வந்துவிட்ட அந்தப் பெண்ணுக்கும் விளங்கிவிட்டது. என்னிடம் "சாரி" என்றாள். அவள் எதற்கு சாரி சொல்ல வேண்டும்? பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம்.

அப்பா பக்கெட்டைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். "உன்னுது பஸ்ஸோட போச்சில்ல? எடுத்துக்கம்மா. உள்ள ஊறுகா இருக்குது, படுக்க வெக்காத" என்றார். அவர்கள் வேண்டாம் என்றார்கள், அப்பா கேட்கவில்லை. இரண்டு அப்பாக்களும் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் ரயில் டிக்கெட்டும் வெயிட்டிங்தான், அதுவும் கன்ஃபர்ம் ஆகவில்லை. கதவோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்தோம். "இன்னிக்கு என் கணக்கு ரெண்டு எடத்துலயும் பூடுச்சி" என்றார் அப்பா. நான் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் பேசாம இருந்திருந்தா என்னப்பா? அவங்களா தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள மூடியிருப்பாங்க."

"மூடியிருப்பாங்க."

"அப்புறம் ஏன் காட்டின?"

அவர் கதவுக்கு வெளியே பார்த்தார். "கன்ஃபர்ம் டிக்கெட்ட வெச்சிக்கினு ஒருத்தன் பிளாட்பாரத்துல ஓடியாறான். கைய நீட்டுவியா, கதவ சாத்துவியா?"

இதைக் கேட்டு என் கோபம் தணிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அவர் சொல்வது சரி என்று தெரிந்ததால் இன்னும் கோபம்தான் வந்தது.

எங்கள் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் அம்மா வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல் அம்மா சாமானை எண்ணினாள். "பக்கெட் எங்க?" என்றாள்.

"அதுக்கு சீட்டு கெடச்சிடுச்சி" என்றார் அப்பா.

முதலில் சிரித்தவள் அக்காதான். பிறகு நான். பெட்டியின் மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன், நடுவில் அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பாக மாறியது. அத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் தெருவில் வைத்தே வெளியே வந்தது. உள்ளே போனால் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடமும் சில இடங்களுக்குப் போட்டேன். நன்றி சொன்னார்கள். பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அரியாங்குப்பத்திலிருந்தும் கதிர்காமத்திலிருந்தும் போர்வெல் தண்ணீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவருவார்கள். ஒரு மேஜை கிடைத்திருக்கிறது, நாள் முழுக்க ஒரே விஷயத்தை விடாமல் பார்க்கிறேன். கேட்டதில் முக்கால்வாசி வந்துவிட்டது. மீதிக் கால்வாசி எப்போதாவது குத்தும், இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று அறிக்கை எழுத நேரும்போது என்ன கூடியிருக்கிறது, எவ்வளவு கூடியிருக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். நன்றி மட்டும் போடுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் வந்தது. தர்மபுரிக்காரர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள், இது இரண்டும் இல்லாத நாள். அப்பா எழுந்து நின்று பேசினார், சத்தமாகச் சிரித்தார். வைத்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மாவும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எனக்கு அந்தச் செய்தி எப்படி இருக்குமோ என்று அவர் ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. எனக்கும் ஒரு கணம் சுருக்கென்றது.

"நம்ம பக்கெட்டு டாக்டர் பட்டம் வாங்கிடுச்சி" என்றார்.

அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டாள். "இன்னும் இருக்குதாமா அது?"

"இருக்குதாம். அந்தப் பொண்ணு, புதுசா சேந்த இன்னொரு பொண்ணுக்குக் குடுத்துட்டு வருதாம். கைப்பிடிதான் ஒடஞ்சிடுச்சாம், கொடிக்கயிறு கட்டியிருக்குதாம்."

"கயிறும் நம்முதுதான்" என்றேன் நான்.