மூளை கழற்றிய வண்டி

எங்கள் தெருவில் முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்த பெண் என் அத்தை. நைனாவுக்கு ஒரே தங்கை. பொன்னேரியில் புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு கிளம்பி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் பின்கட்டில் பெரிய அடுப்பாக இரண்டு போட்டு, தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சோறு ஆக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. பேட்டையில் ஆலை கட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் வேலை முடிந்து கிளம்பும்போது, தாங்கள் ஓட்டிய ஜப்பான் பிக்கப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அத்தை தாலிச் சங்கிலியை விற்று அதை வாங்கினாள். கழுத்து ஏன் காலியாக இருக்கிறது என்று தெருவில் யாராவது கேட்டால், "தோ நிக்குது பாரு" என்று வண்டியைக் காட்டுவாள். நைனா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

அந்த வண்டியில் அண்டாக்களை ஏற்றி ஒவ்வொரு ஆலை வாசலாகக் கொண்டுபோய் நிறுத்துவாள். லீவு நாளில் நானும் போவேன். முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொள்வது என் உத்தியோகம்.

ஐப்பசி மழையில் தெருவே குளமானபோது வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு சாவியைத் திருப்பினால் முக்கியதே தவிர கிளம்பவில்லை. சென்னையிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் சட்டையில் அழுக்குப் படாமல் வேலை செய்தான். சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று அதுதான் சொல்லுமாம். தண்ணீரில் ஊறி அது செத்துவிட்டது. புதிது ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஆகும் செலவில் வேறு வண்டியே வாங்கலாம். பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நைனாவின் முகத்தில் பல நாள் காணாத தெளிவு வந்தது. சோறு ஆட்டோவில் போக ஆரம்பித்தது. ஆட்டோ போய்ச் சேருவதற்குள் ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிடும். பசித்தவன் எத்தனை நாள் காத்திருப்பான்? ஒரு வாசல் கைவிட்டுப் போயிற்று, பிறகு இன்னொன்று. அண்டாவில் பாதிச் சோறு திரும்பி வந்தது. இரண்டு வேளையும் எங்கள் வீட்டில் அதையே தின்றோம்.

ரயில்வே கேட் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பாயை அத்தை போய்க் கூட்டி வந்தாள். பாய்க்குப் பழைய வண்டிகள்தான் பழக்கம். இந்த இன்ஜெக்‌ஷன் சமாச்சாரத்தை, அந்தப் பெட்ரோல் தெளிக்கும் ஏற்பாட்டை, மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய வண்டிகளில் இருப்பதுபோல், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டர் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். பாய் சிரித்தார். எல்லாரும் கார்புரேட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற காலத்தில் இவள் எதிர்ப்பக்கம் போகிறாளே என்றார்.

"மூளை வெச்ச வண்டிய மூளை இல்லாத வண்டியா ஆக்கச் சொல்றியேம்மா?"

"மூளை எனக்குக் கீது பாய். அதுக்கு இன்னாத்துக்கு? ஓடுனா போதும்."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலேறி அத்தை, பாய், நான் மூன்று பேருமாகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். மலைமலையாகக் குவிந்து கிடந்த உதிரிப் பாகங்களுக்கு நடுவில், அதே இன்ஜினின் பழைய மாடலிலிருந்து கழற்றிய, தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடைத்தது. கார்புரேட்டர் வேறொரு வண்டியினுடையது. கடைக்காரர் பாயிடமே பேசிக்கொண்டிருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் வரவில்லையா என்று அவரிடமே கேட்டார். அத்தை அந்தக் கார்புரேட்டரை அவர் கையிலிருந்து வாங்கி, வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, "வந்து நின்னுகினு தான கீறேன்" என்றாள்.

ஊருக்கு வந்து பொருத்தினால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் துளைக்குத் துளை சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு தகடு வேண்டியிருந்தது. அத்தையின் சோற்றைத் தின்னும் லேத்துக்காரர் ஒருவர், சாப்பாட்டு நேரத்திலேயே அலுமினியத்தில் அதைக் கடைந்து கொடுத்தார். கம்ப்யூட்டரைப் பாய் கழற்றி என் கையில் கொடுத்தார். அதைத் தட்டிப் பார்த்தேன். தகர டப்பா மாதிரிதான் இருந்தது.

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டிய அன்று காலையில் மாமா வந்தார். அத்தையின் புருஷன். கூடவே அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு ஒரே சந்தோஷம். மாமா ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார்; என் கன்னத்தைக் கிள்ளினார். நைனா அவரை உட்கார வைத்து நாஷ்டா கொடுத்தார். அவர் வீட்டில் கலர் டிவி இருப்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நல்ல மாமாவை விட்டுவிட்டு அத்தை ஏன் கரி பூசிக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றியது.

வாசலில் எல்லார் கண்ணெதிரிலும் பாய் அத்தையிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் இரண்டு தரம் இருமியது. பெட்ரோல் பொங்கி வெளியே வழிந்தது. அப்புறம் கார்புரேட்டரின் வாயிலிருந்து குபீரென்று நெருப்பு வந்தது. பாய் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். அவர் தாடியில் ஒரு ஓரம் பொசுங்கிப் போயிற்று.

மாமா கைகொட்டிச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அழைத்துப் போகிறோம் என்றார். நைனா தலையாட்டினார். யாரும் அத்தையைக் கேட்கவில்லை. அவளும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் பாய் வழிஞ்சுது?"

டாங்கிக்குள் இருக்கும் பம்பு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கானது, வேகமாகப் பீய்ச்சுகிறது, கார்புரேட்டருக்கு அந்த வேகம் ஆகாது என்றார் பாய். மெதுவாகத் தள்ளும் பம்பு வேண்டும். அதற்கு மறுபடி புதுப்பேட்டைக்குப் போக வேண்டும்.

"பம்பே இல்லாம எறங்காதா?"

"மேல இருந்து ஊத்துனா தானா எறங்கும். அதுக்கு?"

அத்தை வண்டியின் கூரையைப் பார்த்தாள். பாய் வேண்டாம் என்றார், ஆபத்து என்றார். பேட்டை வரைக்கும் ஒரே ஒரு நடை, பாய், என்றாள் அத்தை. கேன் வேண்டுமே என்று அவர் இழுத்தார்.

அம்மா உள்ளே போனாள். நைனா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டறியாத அம்மா. ரேஷன் மண்ணெண்ணெயைத் தவலையில் ஊற்றிவிட்டு, கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் உள்வரைக்கும் துடைத்து, நைனாவைத் தாண்டி வந்து அத்தையிடம் நீட்டினாள்.

கேனில் பெட்ரோல் ஊற்றிக் கூரையில் கயிறு போட்டுக் கட்டி, ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் வரை இறக்கினார் பாய். அத்தை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி உலுக்கியது, கரும்புகை கக்கியது, பிறகு பெரிய சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. மாமா எழுந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அத்தை ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். என்னைப் பார்த்து ஏறு என்று தலையசைத்தாள். பாய் ஈரச் சாக்கோடு பின்னால் தாவி ஏறினார். பெரியவர் காலை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு ஒட்டி வண்டியை வெளியே எடுத்தாள்.

தொழிற்பேட்டையின் வாசல் ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தாள். கைவிட்டுப் போன வாசல்களிலும் அடித்தாள். வாட்ச்மேன்கள் எட்டிப் பார்த்தார்கள். "திங்கக்கிழமைலேர்ந்து சோறு சங்குக்கு முன்னால வரும். சொல்லிடு" என்றாள். தலைக்கு மேல் கேன் தளும்பிக்கொண்டு வந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது மாமாவும் பெரியவரும் போய்விட்டிருந்தார்கள். புகையும் சத்தமும் மாமாவுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஜாங்கிரியைத் தின்றேன். ஆள் அனுப்பி அவர்களை வரவழைத்தது நைனாதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தைக்கு அது காலையிலேயே தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை, பாய் புதுப்பேட்டையில் தேடி வாங்கி வந்த பம்போடு வண்டி தயாராக நின்றது. அண்டாவை ஏற்றுமுன் அத்தை ஒரு தட்டில் சூடாகச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி, முட்டையை உரித்து ஓரத்தில் வைத்து நைனாவின் முன்னால் வைத்தாள். "சாப்டு நைனா, ஆறிடப் போவுது" என்றாள். அண்ணனையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நைனா நிமிரவே இல்லை. பிசைந்துகொண்டே இருந்தார். மூக்கை உறிஞ்சினார், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

அத்தை அன்றைக்குக் குழம்பில் காரத்தை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.